கதர் உடுத்த மருத்துவர்: சௌந்தரம் அம்மையார்

உடையானது உடலை மறைப்பதற்கும், வெயில் குளிர்களினின்று காப்பதற்கும் மட்டுமே அமைந்ததாயின், அதனைக் குறித்து ஆராய்ந்து எழுத வேண்டுவதில்லை. நம் நாட்டிலோ ஒருத்தி மணமானவளோ கைம்பெண்ணோ, செல்வர் மகளோ கூலியாள் மகளோ என்பதனை அவள் வாய் திறவாமுன்னரே அவள் சேலை ஊரார்க்கு உரைத்துவிடும். கரையின் அகலமும், முந்தானையின் வேலைப்பாடும், நிறமும், கட்டும் முறையும் ஒரு பெண்ணின் நிலையை விளக்கும் எழுத்துக்களாக நெடுங்காலம் நின்றன. அவ்வெழுத்தைப் பிறர் எழுத, அவள் அதனைச் சுமந்தாள் என்றலே பொருந்தும்.

அங்ஙனம் பிறர் எழுதிய எழுத்தை அழித்து, தம் உடைக்குத் தாமே பொருள் வகுத்துக்கொண்ட மாதரசியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவரே டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன் அம்மையார். திண்டுக்கல்லினின்று மதுரைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், சிறுமலையின் சாரலை நோக்கிக் கிடக்கும் காந்திகிராமத்தைக் காணாத திண்டுக்கல் வாசிகள் இரார். ஆயினும் அதனை அமைத்தவருள் ஒருவராகிய அம்மையாரின் இளமைத் துயரையும் துணிவையும் அறிந்தோர் நம் மாணவருள் சிலரேயாவர்.

அம்மையார் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18ஆம் நாள் பிறந்தார். தந்தையார், திருநெல்வேலிச் சீமையிலுள்ள திருக்குறுங்குடியைப் பூர்விகமாகவுடைய டி. வி. சுந்தரம் ஐயங்கார். மதுரையில் பேருந்துப் போக்குவரத்தை நடத்திப் பெரும்பொருள் ஈட்டி, தென்னாடெங்கும் பெயர்பெற்ற தொழில் நிலையத்தைத் தோற்றுவித்தவர் அவர். தாயார் இலட்சுமி அம்மாள். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த அவ்வில்லத்தில் வளர்ந்த சௌந்தரத்திற்கு, அக்காலத்து வழக்கப்படி, இளம் பருவத்திலேயே திருமணம் நிகழ்ந்தது. மணமகனார் உறவினர், பெயர் சௌந்தரராஜன், மருத்துவத் தொழிலினர். அவ்வாழ்க்கை நெடிது நிற்கவில்லை. பிளேக்கு என்னும் கொள்ளைநோய்க்கு அம்மருத்துவர் இரையாயினார். சௌந்தரம் இளமையிலேயே கைம்மை எய்தினார்.

அந்நாளிற் கைம்மை எய்திய உயர்குலப் பெண்ணின் நிலையை விரித்துரைக்கவும் நெஞ்சு நடுங்கும். கூந்தலும் குங்குமமும் வளையும் நீங்குவதோடு நிறமும் அவளை விட்டு நீங்கும். கரையற்ற வெண்டுகிலே அவளுக்கு உரியது. மங்கல வினைகளில் அவள் எதிர்ப்படலாகாது. இல்லத்தின் இருண்ட மூலையே அவளுக்கு உலகம். கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. எனினும் சட்டப் புத்தகத்தில் திறக்கப்பட்ட கதவு, வீடுகளில் அடைபட்டே கிடந்தது. செல்வம் மிக்க குடும்பமாயின் அவ்வடைப்பு இன்னும் இறுகும். இழப்பதற்குரிய பெயரும் புகழும் அங்கு மிகுதியன்றோ!

சௌந்தரத்தின் பெற்றோர் இவ்வகையில் ஒரு நற்செயல் செய்தனர். மகளை மூலையில் இருத்தி வைக்காது, கல்வியில் ஊக்கினர். கணவர் கைக்கொண்ட தொழிலையே தாமும் கற்க விரும்பிய அம்மையார், தில்லியில் பெண்களுக்கென்றே 1916இல் திறக்கப்பெற்ற லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். நம் மாகாணத்தில் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியது 1918ஆம் ஆண்டிலாகும். பெண் மருத்துவரின்மையால் பிள்ளைப்பேற்றில் மாண்ட தாய்மார் தொகை எண்ணிலடங்காதிருந்த காலம் அது. ஆடவர் முன் நோயைச் சொல்ல நாணி, சொல்லாமலே மாண்டவர் பலர். எனவே, பெண்ணொருத்தி மருத்துவம் பயில்வது அவளது பிழைப்புக்கு வழி தேடுவதோடு அமையாது, பல உயிர்களின் பிழைப்புக்கும் வழியாயிற்று. 1936ஆம் ஆண்டில், தமது முப்பத்திரண்டாம் வயதை ஒட்டி, அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றார்.

தில்லி அவருக்கு மருத்துவத்தோடு வேறொன்றையும் அளித்தது. அக்கல்லூரியில் அவருக்குத் தோழியாக வாய்த்தவர் சுசீலா நாயர். காந்தியடிகளின் அணுக்கத் தொண்டராய் விளங்கிய அந்நங்கையின் வாயிலாக அம்மையார் அடிகளின் இயக்கத்தை நெருங்கினார். அவ்வியக்கத்தின் சின்னமாகிய கதரையும் நெருங்கினார்.

கதரின் பொருளை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். கையால் நூற்ற நூலைக் கொண்டு கைத்தறியில் நெய்ததே கதர். ஆலை நூலைக் கொண்டு கைத்தறியில் நெய்தது கைத்தறித் துணியாகுமேயன்றிக் கதராகாது. நூற்றலின் அருமையை ஒரு கணக்கால் அறியலாம். 6 கெஜ நீளமும் 45 அங்குல அகலமும் உடைய ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். அங்குலம் ஒன்றுக்குப் பாவிழை 50, ஊடிழை 45 எனக் கொண்டால், அச்சேலைக்கு 25,000 கெஜத்திற்கு மேற்பட்ட நூல் வேண்டும். அதனை நீட்டினால் ஏறத்தாழ 14 மைல் செல்லும். அஃதாவது, திண்டுக்கல்லினின்று சின்னாளபட்டிக்குச் சென்று மீளும் தொலைவு. மணிக்கு 400 கெஜம் நூற்கவல்ல ஒருவர், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் இராட்டையின் முன் அமர்ந்தால், ஒரு சேலைக்குரிய நூலை முடிக்க இரண்டு திங்களுக்கு மேலாகும். இத்துணை உழைப்பும் ஒரு பெண்ணின் தோளில் கிடக்கின்றதென எண்ணிப் பார்ப்பின், கதரின் முரட்டுத் தன்மையைக் குறைகூற நா எழாது.

அடிகள் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில், சட்டையும் தொப்பியும் துறந்து முழந்துணி உடுக்கத் துணிந்த வரலாறு யாவரும் அறிந்தது. ஏழையரின் உடையைத் தலைவர் ஏற்றார். இதனோடு மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதனைப் பலரும் எடுத்துரைப்பதில்லை. இயக்கத்திற் சேர்ந்த மங்கையர், மணமானவரும் கன்னியருமாக, வெள்ளைக் கதர்ச் சேலையை விரும்பி உடுத்தலாயினர். அதுகாறும் வெள்ளைச் சேலையைக் கண்டதும் கைம்பெண் என விலகியோர், இனி அவளைத் தேசத்தொண்டர் என வணங்கவும் நேர்ந்தது. ஒதுக்கத்தின் அடையாளம் தொண்டின் அடையாளமாக மாறிற்று. சாத்திரங்களைக் காட்டி வாதிட்டோரால் இயலாத காரியத்தை ஒரு முழத் துணி செய்து முடித்தது. சௌந்தரம் அம்மையார் போன்றார்க்கு இஃது எத்துணைப் பெரிய விடுதலையாய் இருந்திருக்கும் என்பதனை நாம் உய்த்துணரலாம்.

இயக்கத்தின் வழியே அவருக்கு அறிமுகமானவர் ஜி. இராமச்சந்திரன். திருவிதாங்கூரில் நெய்யாற்றின்கரையைச் சார்ந்தவர், சாந்திநிகேதனத்தில் பயின்றவர், அரிசன சேவையில் ஈடுபட்டவர். இருவர் உள்ளமும் ஒன்றுபட்டன. ஆனால் மொழி வேறு, குலம் வேறு, மணமகளோ கைம்பெண். பெற்றோர் இசையவில்லை. அன்பு உறுதியுடையதோ என அறியும்பொருட்டு ஓராண்டு பிரிந்திருக்குமாறு அடிகள் இருவர்க்கும் அறிவுரை கூறினார். பிரிந்திருந்தும் அவ்வன்பு குன்றவில்லை. 1940ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், சேவாக்கிராமத்தில் அடிகளும் கஸ்தூரிபா அன்னையும் வாழ்த்த அவர்கள் மணம் நிறைவேறியது. பட்டும் பொன்னும் மலையெனக் குவியக்கூடிய குடியிற் பிறந்தவர், அவை யாவும் இன்றி இல்லறம் புகுந்தார். மறுமணமும் கலப்புமணமும் ஒருங்கே அமைந்த அத்திருமணம் அந்நாளில் எத்துணைப் பேச்சுக்கு இடமாயிருக்குமென்று சொல்ல வேண்டுவதில்லை.

அக்காலத்துக் கதர்ச் சேலைகள் சில நாட்டின் வரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்டன. 1942ஆம் ஆண்டில் இந்திரா அம்மையார் தமது மணநாளில் உடுத்தது, தந்தையார் ஜவகர்லால் நேரு சிறையில் நூற்ற நூலால் நெய்த சேலை. 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் உயிர்நீத்த கஸ்தூரிபா அன்னையின் உடலைப் போர்த்தது, கணவர் நூற்ற நூலால் ஆன சேலை. மணத்திலும் மரணத்திலும் ஒரே வகைத் துணி! அரண்மனைக்கு ஒன்று, குடிசைக்கு ஒன்று எனப் பிரிந்து கிடந்த ஆடையுலகில், இத்துணையேனும் ஒருமை உண்டாயிற்று.

கஸ்தூரிபா அன்னையின் நினைவாக மக்கள் அளித்த பெருநிதியைக் கொண்டு, சிற்றூர்ப் பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் தொண்டாற்ற ஓர் அறநிலையம் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் அதன் பொறுப்பைச் சௌந்தரம் அம்மையாரிடம் அடிகள் ஒப்புவித்தார். இப்பணியே அம்மையாரைத் திண்டுக்கல் சமவெளிக்கு ஈர்த்தது.

அவர் வந்து தொண்டு தொடங்கிய சின்னாளபட்டி நெசவாளர் ஊர். திண்டுக்கல் நகரில் நாகல் நகர்ப் பக்கத்திற் போலவே, அங்கும் தறியின் ஓசையே விடியற்காலைச் சேவலின் கூவல். தெருவின் நீளம் முழுதும் பாவை விரித்துக் கஞ்சியிட்டு ஆற்றுதலும், வீட்டினுள்ளே பெண்டிரும் சிறாரும் தார் சுற்றுதலும், குழித்தறியில் காலைப் புதைத்து ஆடவர் நாடாவை ஓட்டுதலும் அவ்வூர் வாழ்க்கை. சேலை நெய்தவன் ஒருவன் என்று பெயரேயன்றி, உண்மையில் ஒரு குடும்பமே அச்சேலையை நெய்கின்றது. மழை பெய்தால் பாவு ஆற்ற இயலாது. பாவு ஆறாவிடின் தறி ஓடாது. தறி ஓடாவிடின் அடுப்பு எரியாது.

இப்பகுதிச் சேலைகளுள் சுங்குடி தனிச்சிறப்புடையது. நாயக்கர் காலந்தொட்டு மதுரையிலும் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்ந்துவரும் சௌராட்டிர மக்களின் கைவண்ணம் அது. வெண்பருத்தித் துணியின்மேல் புள்ளிதோறும் நகநுனியாற் கிள்ளி, நூலால் இறுக முடிந்து, சாயத்தில் தோய்த்து உலர்த்திப் பின்னர் முடிச்சை அவிழ்ப்பர். முடிந்த இடத்தில் மட்டும் சாயம் ஏறாது நின்று, இரவு வானில் மீன் பூத்தாற்போல வெண்புள்ளிகள் தோன்றும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். அம்முடிச்சுகளை இட்டவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரே. மதுரைச் சுங்குடிக்கு இன்று புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. எனினும் முடிச்சிடும் கைகள் அருகி, மெழுகு அச்சால் பதிக்கும் முறையே மிகுந்துவிட்டது.

இங்கு ஓர் உண்மையை மறைத்தலாகாது. கதர்த் தொண்டர்க்கும் கைத்தறி நெசவாளர்க்கும் இடையே எஞ்ஞான்றும் முழு இணக்கம் இருந்ததில்லை. இராட்டை நூல் ஒரு சீராய் இராது. தறியில் அடிக்கடி அறும். அறுந்ததை முடியும் நேரத்திற்குக் கூலி இல்லை. ஆலை நூலோ அறாது ஓடும். நாள் முழுதும் உழைத்து அந்தியில் அரிசி வாங்க வேண்டியவன், எந்நூலை விரும்புவான்? பின்னாளில் சின்னாளபட்டிக்கு நாடெங்கும் பெயர் வாங்கித் தந்ததும் கதரன்று. பட்டுப் போற் பளபளக்கும் செயற்கைப் பட்டுச் சேலையே அப்புகழைத் தேடித் தந்தது. காஞ்சிப் பட்டை எட்டிப் பிடிக்க இயலாத ஏழை மணமகளுக்குச் சின்னாளபட்டிச் சேலை பட்டின் மகிழ்ச்சியைச் சிறுவிலையில் அளித்தது. கதரின் கொள்கையை நாட்ட எழுந்த காந்திகிராமமும், செயற்கைப் பட்டை நெய்த சின்னாளபட்டியும் அருகருகே நின்றன. காந்திய நெறி அவ்வூரில் தோற்றது என்று சிலர் இதனைக் கொண்டு கூறுவர்.

யாம் அங்ஙனம் கருதோம். அம்மையார் அவ்வூரிற் செய்த தொண்டை நோக்கின் அதன் காரணம் விளங்கும். அவர் முதலில் அங்குத் திறந்தது துணிக்கடையன்று, மருத்துவ நிலையம். இரண்டே படுக்கைகளுடன் தாய்மார்க்கும் சேய்க்கும் உதவத் தொடங்கிய அச்சிறு நிலையமே, பின்னர்க் கஸ்தூரிபா மருத்துவமனையாய் வளர்ந்தது. அதன் வாயிலில் வந்து நின்ற தாயை, நீ சுற்றியது இராட்டை நூலோ ஆலை நூலோ என வினவினார் இலர். நெய்பவர் நலமாய் இருந்தாலன்றி நெசவு எது இருந்தும் பயனில்லை என்பது மருத்துவராகிய அம்மையார்க்குத் தெளிவு. கைத்தொழிலைப் போற்றுவோம் என மேடையிற் பேசுவோர் பலர். அக்கைக்குரியாளின் காய்ச்சலைக் கவனிப்போர் சிலர். அச்சிலருள் முதல்வராய் அம்மையார் நின்றமையே அவர் கதருக்குக் கிடைத்த வெற்றி எனக் கொள்கின்றோம்.

1947ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், நாடு விடுதலையடைந்த இரண்டு திங்களுக்குள், கணவரும் மனைவியுமாய் அவர்கள் காந்திகிராமத்தை நிறுவினர். அடுத்த நான்காம் திங்களில், 1948 ஜனவரி 30ஆம் நாள், அடிகள் சுடப்பட்டு மாய்ந்தார். வழிகாட்டியை இழந்தும் பணி நிற்கவில்லை. ஆதாரக் கல்வி, கிராமசேவிகைகட்குப் பயிற்சி, ஆதரவற்ற பெண்டிர்க்கும் சிறார்க்கும் இல்லம், கதர் மற்றும் கிராமக் கைத்தொழில் எனக் கிளைகள் பல விட்டன. நூற்றலும் நெய்தலும் அங்கு நோயும் அறியாமையும் நீக்கும் பணிகளோடு ஒருசேர நடைபெற்றன. உயர்கல்வியைச் சிற்றூர்க்குக் கொணர 1956இல் கிராமியக் கல்வி நிலையம் தொடங்கப்பெற்றது. 1976இல் அது பல்கலைக்கழக நிலையை எய்திற்று. நகரத்துக்குப் போய்க் கற்றுத் திரும்பாதொழியும் இளைஞர் மலிந்த நாட்டில், கல்வியே ஊரைத் தேடி வந்த புதுமை அது.

அரசியலும் அம்மையாரை அழைத்தது. 1952இல் ஆத்தூர்த் தொகுதியினின்றும், 1957இல் வேடசந்தூர்த் தொகுதியினின்றும் சென்னைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962இல் திண்டுக்கல் தொகுதி மக்கள் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். மத்திய அரசில் கல்வித்துறைத் துணை அமைச்சராய் அமர்ந்து, தொடக்கக் கல்வி அனைவர்க்கும் கட்டணமின்றிக் கிட்ட வேண்டும் என்பதற்காக உழைத்தார். அவ்வாண்டிலேயே பத்மபூஷண் விருதும் அவரை அடைந்தது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழகமெங்கும் வீசிய மாற்றுக் காற்றில் அவரும் தோல்வியுற்றார். தோல்வி அவரைத் தளர்த்தவில்லை. திரும்பிச் செல்வதற்குக் காந்திகிராமம் இருந்தது. பதவி போனபின் போக்கிடமின்றித் தவிக்கும் தலைவர்கள், அப்பெருமாட்டியிடம் கற்கவேண்டிய பாடம் இது.

1984ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், எண்பது வயது நிறைந்த அம்மையார் இயற்கை எய்தினார். அவர் உழைத்த நிலப்பரப்பு மதுரை மாவட்டத்தினின்று பிரிந்து, திண்டுக்கல்லைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டமானது அதற்கடுத்த 1985ஆம் ஆண்டிலாகும். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. அவற்றினும் சிறந்த நினைவு, கஸ்தூரிபா மருத்துவமனையில் பிறந்து இன்று பேரர் பேத்தியரைக் கண்டு மகிழும் பல குடும்பங்களேயாம்.

இன்று நம் சமவெளியில் கைத்தறிகள் ஒவ்வொன்றாய் ஓய்கின்றன. தறிகாரர் பிள்ளைகள் ஆலைக்கும் நகரத்து வேலைக்கும் செல்கின்றனர். அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. மின்தறிச் சேலை கைத்தறியின் பெயரைப் பூண்டு கடைகளில் விற்கப்படுவதும் உண்டு. கைத்தறியைக் காத்தல் வேண்டும் என்று நாம் கூறுங்கால், அதன் அழகைக் காப்பதோடு நிற்போமா? அதனை நெய்வோர்க்கு வயிறார உணவும், நோய்க்கு மருந்தும், பிள்ளைகட்குக் கல்வியும் கிட்டுமாறு கேட்போமா? முன்னது மட்டும் கேட்பின் நாம் அருங்காட்சிசாலைக்கே பொருள் சேர்ப்பவராவோம். இரண்டையும் ஒருங்கே கேட்டவர் சௌந்தரம் அம்மையார்.

திருமறையின் அப்போஸ்தலர் நடபடிகளில், யோப்பா பட்டினத்துத் தொற்காள் என்னும் நல்லாளின் வரலாறு வருகின்றது. அவள் மேடையேறிப் பேசினாள் என்றோ, நாடாண்டாள் என்றோ அதிற் காண்கிலோம். ஏழைக் கைம்பெண்கட்கு ஆடைகள் செய்து கொடுத்தாள் என்றே காண்கின்றோம். அவள் மாண்டபோது அக்கைம்பெண்கள் அழுது, அவள் தமக்குச் செய்தளித்த ஆடைகளை எடுத்துக் காட்டினராம். ஒருவரின் வாழ்க்கைக்கு அதனினும் உயர்ந்த சான்று வேறு யாதுளது? சௌந்தரம் அம்மையார் நம் சமயத்தவரல்லர். ஆயினும் தொற்காளின் வரிசையில் அவரை வைத்துப் போற்றுவதில் நமக்குத் தடையொன்றுமில்லை. தொற்காள் கைம்பெண்களை உடுப்பித்தாள். இவரோ தாமே கைம்மையின் உடையைத் தொண்டின் உடையாக மாற்றி உடுத்து, பிற பெண்டிர்க்கும் அவ்வழியைக் காட்டினார்.

நம் கல்லூரி மாணவியருள் மருத்துவத்திற்கும் ஆசிரியத் தொழிலுக்கும் செல்லவிருப்போர் பலர் உளர். பட்டம் பெற்றபின் எந்த ஊரிற் பணியாற்றுவது என்னும் வினா அவர்கள்முன் எழும். அவ்வேளையில், தில்லியிற் பட்டம் பெற்றுச் சின்னாளபட்டியின் தறித்தெருவுக்கு வந்து நின்ற அம்மையாரை அவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராக.